நாகசாகியின் டச்சு மொழிபெயர்ப்பாளர்கள்

நாகசாகித் துறைமுகத்தில் டச்சுக்காரர்களுக்கும் ஜப்பானிய அரசுக்கும் இடையே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் மொழிப்பணி செய்த பரம்பரை அலுவலர்கள். ஜப்பானியத்தில் 'ஒராந்தா ட்சூஜி' எனப்பட்டனர். நம் சோழமண்டலக் கரையின் துபாஷிகளை இவர்கள் நினைவூட்டுவார்கள். ஒரு வேறுபாடு முக்கியமானது. துபாஷி அயல்நாட்டு வணிகரின் ஆள். ட்சூஜி, ஜப்பானை ஆண்ட ஷோகுன் அரசின் ஊழியர். வணிகரைக் கண்காணிப்பதும் அவர் வேலை.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1609இல் ஜப்பானின் ஹிராடோவிலும் அடுத்த ஆண்டு பழவேற்காட்டிலும் பண்டகசாலை அமைத்தது. ஜப்பானியச் செம்பு இந்தக் கரைக்கு வந்தது. இங்கிருந்து துணி போனது. அங்கே கோடுபோட்ட பருத்தித் துணிக்கு 'சாந்தோமே' என்று பெயர். மயிலாப்பூரை அடுத்த நம் சாந்தோம்தான் அது.

1641இல் டச்சுக்காரர்கள் நாகசாகியின் தேஜிமா என்ற செயற்கைத் தீவில் ஒதுக்கப்பட்டனர். அவர்கள் ஜப்பானியம் கற்பதை அரசு விரும்பவில்லை. தலைமை வணிகர் ஆண்டுதோறும் மாற வேண்டும் என்பதும் விதி. எனவே மொழிச் சுமை முழுவதும் ஜப்பானியர் தலையில் விழுந்தது. தொடக்கத்தில் போர்த்துக்கேயம்தான் பேச்சுக்கு உதவியது. பிறகு நிஷி, யோஷியோ, மோத்தோக்கி முதலிய குடும்பங்களில் சிறுவர்கள் பயிற்சியாளராகச் சேர்ந்து, இளநிலை, முதுநிலை எனப் படியேறினர். கப்பல் கொண்டுவந்த உலகச் செய்திகளை எழுதி ஷோகுனின் தலைநகரான எதோவுக்கு அனுப்புவதும் இவர்கள் கடமை. அரசுக்குக் கசக்கும் செய்தியை மழுப்பி எழுதியதும் உண்டு.

வணிகக் கணக்குக்குப் பழகிய மொழி அறிவியலுக்குத் திரும்பியதுதான் இவ்வரலாற்றின் உயிரான பகுதி. நரபயாஷி சின்ஸான் அறுவை மருத்துவத்தையும், மோத்தோக்கி ரியோயெய் கோப்பர்நிக்கஸின் வானியலையும் மொழிபெயர்த்தனர். நியூட்டனின் இயற்பியலைப் பெயர்த்த ஷிஸுக்கி ததாவோ ஈர்ப்பு விசைக்கே புதிதாகச் சொல் ஆக்க வேண்டியிருந்தது. 1774இல் எதோ மருத்துவர்கள் வெளியிட்ட 'கைத்தாய் ஷின்ஷோ' என்ற உடற்கூற்று நூலுக்கு முன்னுரை எழுதியவர் ட்சூஜியான யோஷியோ கோக்யூ. எதோவில் பெயர் பெற்ற அறிஞர்களைப் புகழும் நூல்கள் நாகசாகிக்காரர்களைச் சற்றுக் குறைத்தே பேசுகின்றன. தேஜிமாவின் தலைமை வணிகர் ஹென்ட்ரிக் டூஃப் இவர்களோடு தொடங்கிய டச்சு-ஜப்பானியப் பேரகராதி, அவர் ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் கழித்து, 1833இல் நிறைவுற்றது.

1808இல் டச்சுக் கொடி ஏற்றி ஓர் ஆங்கிலேயப் போர்க்கப்பல் நாகசாகிக்குள் நுழைந்தது. அதன்பின் ட்சூஜிகள் ஆங்கிலமும் கற்கப் பணிக்கப்பட்டனர். ஆயினும் 1853இல் அமெரிக்கத் தளபதி பெர்ரி வந்தபோது பேச்சுவார்த்தை டச்சு வழியாகவே நடந்தது. 1858ஆம் ஆண்டின் அமெரிக்க ஒப்பந்தத்திலும் டச்சுப் படியே மூலமாகக் கொள்ளப்பட்டது. மறு ஆண்டு யோக்கோஹாமாவுக்குப் போன அறிஞர் ஃபுக்குஸாவா யுக்கிச்சி, தான் பாடுபட்டுக் கற்ற டச்சு அங்கே செல்லாது என்று கண்டு ஆங்கிலத்துக்கு மாறினார். நெதர்லாந்திலோ லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஜப்பானியத்துக்குப் பேராசிரியர் அமர்ந்ததே 1855இல்தான். அப்பதவியில் அமர்ந்த ஹோஃப்மன் ஒரு ஜெர்மானியர். ஜப்பானைக் கண்ணால் கண்டதில்லை.