கற்போர் தன்னாட்சி (பல்கலைக்கழக ஆங்கிலக் கல்வி)

கற்போர் தன்னாட்சி என்பது, ஒரு மொழியைப் பயில்பவர் தம் கற்றலுக்குத் தாமே பொறுப்பேற்கும் திறன். ஆசிரியரின்றித் தனியே படிப்பதுதான் தன்னாட்சி என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. ஆங்கிலத்தை அயல்மொழியாகப் பயிலும் பல்கலைக்கழக மாணவரிடையே இத்திறனை வளர்க்கும் முயற்சி ஜப்பானில் குறிப்பிடத்தக்க அளவில் நடந்துள்ளது.

இக்கருத்து பிரான்சின் நான்சி பல்கலைக்கழகத்தில் உருப்பெற்றது. ஐரோப்பிய மன்றம் 1971இல் வயதுவந்தோருக்கான மொழிக்கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. நான்சியில் ஈவ் ஷாலோன் நிறுவிய ஆய்வு மையம், 1972இல் அவர் மறைந்த பின் ஆன்ரி ஒலெக்கின் தலைமையில் வளர்ந்தது. அத்திட்டத்துக்காக ஒலெக் எழுதி 1981இல் நூலாக வெளிவந்த அறிக்கை, தன்னாட்சி என்றால் என்ன என்பதைத் தெளிவாக வகுத்தது: இலக்கு, பாடப்பொருள், முறை ஆகியவற்றை முடிவு செய்வதும், கற்றலைக் கண்காணிப்பதும், பயனை மதிப்பிடுவதும் மாணவரின் வேலை. இது பிறவியிலேயே வருவதன்று, பயிற்சியால் பெறவேண்டியது என்பதையும் அவர் வலியுறுத்தினார். டப்ளினின் டேவிட் லிட்டில் 1991இல் இதன் உளவியல் பக்கத்தை விளக்கினார்.

ஜப்பானிய மாணவர் நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆறு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தே பல்கலைக்கழகம் வருகின்றனர். அந்தப் படிப்பில் ஆங்கில வரியைச் சொல்சொல்லாக ஜப்பானிய மொழிக்கு மாற்றும் 'யாகுதோகு' முறைக்கும் நுழைவுத்தேர்வுக்கும் பெரும் பங்கு இருந்துவந்தது. என்ன படிப்பது, எப்படிப் படிப்பது என்று தீர்மானிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே கிடைத்தது. அப்படிப்பட்டவரை நூலகத்தில் விட்டு 'விரும்பியதைப் படி' என்பது கைவிடுவதற்கே சமம்.

சிபாவிலுள்ள கண்டா பன்னாட்டு ஆய்வுப் பல்கலைக்கழகம் 2001இல் தொடங்கிய தற்கற்றல் மையம் இதற்கு வேறு வழி கண்டது. அங்குப் புத்தகங்களோடும் கருவிகளோடும், கற்றல் ஆலோசகர்களும் உள்ளனர். 'கேட்கும் திறன் போதவில்லை' என்று வரும் மாணவரிடம் ஆலோசகர் உடனே ஒரு புத்தகத்தை எடுத்துத் தருவதில்லை. எதைக் கேட்கும்போது புரியவில்லை, எதற்காக அது வேண்டும், இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள் என்று கேட்கிறார். மாணவர் தாமே திட்டம் வகுத்து, வாரந்தோறும் குறிப்பேடு எழுத, ஆலோசகர் அதற்கு மறுமொழி எழுதுகிறார். மையத்தின் உயிர் அடுக்கி வைத்த நூல்களில் இல்லை, இந்த உரையாடலில்தான் இருக்கிறது.

ஆனால் 1979இல் ஜப்பானில் தொடங்கிய டோயிக் ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண்ணைப் பல நிறுவனங்கள் வேலைக்கு ஆளெடுக்கும்போது பார்க்கின்றன. இலக்கைத் தேர்வே குறித்துவிட்டால், மாணவருக்கு என்ன ஆட்சி மிஞ்சும்? ஹாங்காங்கில் பணியாற்றிய வில்லியம் லிட்டில்வுட் 1999இல் இருவகைத் தன்னாட்சியைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, திசையையும் மாணவரே வகுப்பது. மற்றது, பிறர் வகுத்த திசையில் தம் உழைப்பைத் தாமே ஒழுங்கு செய்வது. கிழக்காசிய மாணவர் இயல்பிலேயே பணிந்து நடப்பவர் என்ற பேச்சை இந்தப் பிரிப்பு வலுவிழக்கச் செய்தது. குழுவாகச் சேர்ந்து தேர்வுக்குத் தயாராவோரிடமும் தன்னாட்சி உண்டு.

தன்னாட்சியை மதிப்பிடுவது கடினம். ஆசிரியரை மகிழ்விக்க மாணவர் தன்னாட்சி முகமூடி அணியக்கூடும் என்று மைக்கேல் பிரீனும் சாரா மேனும் 1997இல் எச்சரித்தனர். குறிப்பேட்டுக்கு மதிப்பெண் வழங்கும் பாடத்திட்டங்களில் இந்த ஆபத்து அதிகம்: மாணவர் ஆசிரியர் எதிர்பார்ப்பதை ஊகித்து எழுதத் தொடங்கிவிடுவர்.