டிவி சிக்னல் எதுவரை போகும்? - ஒரு கோட்டின் கதை

ஒரு டிவி நிலையத்தின் சிக்னல் எதுவரை போகும்? கோபுரத்தை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால் தெரிந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அமெரிக்காவில் அப்படிப் போட்ட ஒரு கோடு கடைசியில் கோர்ட் வரை போனது!

1940களின் இறுதியில் அங்கே டிவி நிலையங்கள் வேகமாகப் பெருகின. ஒரே சேனலில் இயங்கிய இரண்டு ஊர் நிலையங்கள் ஒன்றின் படத்தை ஒன்று கெடுத்தன. எனவே உரிமம் வழங்கும் அரசு அமைப்பான எஃப்.சி.சி., 1948 செப்டம்பரில் புதிய உரிமங்களை நிறுத்தி வைத்தது. சில மாதங்களில் முடியும் என்று நினைத்த வேலை 1952 ஏப்ரல் வரை இழுத்தது.

அப்போது வந்த விதிகளில்தான் 'ஏ கிரேடு', 'பி கிரேடு' என்ற எல்லைக் கோடுகள் பிறந்தன. இந்தக் கோட்டை வரைய யாரும் ஊர் ஊராகப் போய் அளக்கவில்லை. கோபுரத்திலிருந்து எட்டுத் திசைகளில், 2 மைல் முதல் 10 மைல் வரை நிலம் சராசரியாக எவ்வளவு உயரம் என்று பார்ப்பார்கள். அதற்கு மேல் ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, அனுப்பும் சக்தி எவ்வளவு என்பதை வைத்து வரைபடத்தில் தூரத்தைப் படிப்பார்கள். அவ்வளவுதான். 10 மைலுக்கு அப்பால் ஒரு மலை குறுக்கே நின்றால்? அது கணக்கில் வராது.

இன்னொரு விஷயமும் உண்டு. பி கிரேடு கோட்டில் படம் தெரியும் என்றால், அங்குள்ள இடங்களில் பாதியில், 90 சதவீத நேரம் சுமாரான படம் தெரியும் என்றுதான் அர்த்தம். மீதிப் பாதி? அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

1988இல் வந்த சட்டம் இந்த அளவையே பிடித்துக்கொண்டது. கூரை ஆன்டெனாவில் பி கிரேடு அளவு சிக்னல் கிடைக்காத வீட்டுக்கு மட்டுமே, வெளியூர் நெட்வொர்க் சேனலை சாட்டிலைட்டில் தரலாம் என்றது. உள்ளூர் நிலையம் விளம்பர வருமானத்தில் வாழ்கிறது. பார்வையாளர் போனால் வருமானமும் போகும். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் பிரைம்டைம் 24 என்ற நிறுவனம், "உங்கள் வீட்டில் படம் சரியாகத் தெரிகிறதா?" என்று வாடிக்கையாளரையே கேட்டு இணைப்புக் கொடுத்தது. 1998இல் மியாமி நீதிமன்றம் அது செல்லாது என்றது. கண் சொல்வதல்ல, சிக்னலின் அளவுதான் கணக்கு! கோட்டுக்கு உள்ளே இருந்தும் படம் தெரியாத குடும்பங்கள் இதில் மாட்டிக்கொண்டன.

1999இல் எஃப்.சி.சி. வழியை மாற்றியது. மலை, மேடு எல்லாவற்றையும் கணக்கில் எடுக்கும் லாங்லி-ரைஸ் என்ற கணினி முறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகக் கணக்குப் போடச் சொன்னது. அதிலும் தகராறு என்றால் வீட்டருகே ஆன்டெனாவைத் தூக்கி, குறைந்தது ஐந்து இடங்களில் அளந்து, நடு மதிப்பைப் பார்க்க வேண்டும். மாடி இல்லாத வீட்டுக்கு 20 அடி உயரம், மாடி வீட்டுக்கு 30 அடி.

2009 ஜூனில் அங்கே பெரிய நிலையங்கள் முழுக்க டிஜிட்டலுக்கு மாறின. முன்பு சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். டிஜிட்டலில் தெரிந்தால் தெளிவு, இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

சராசரியை வைத்துக் கோடு போடுவதில் தப்பில்லை. ஆனால் சராசரி என்பது ஊருக்குத்தான், ஒரு வீட்டுக்கு அல்ல. அந்த வித்தியாசம் சட்டத்துக்குப் புரிய பத்து வருடங்களுக்கு மேல் ஆனது.