ஊர் கூடி இழுத்த தேர்: எய்பார் காற்பந்துக் கழகத்தின் கதை



ஸ்பெயின் நாட்டுக் காற்பந்து என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகள் உடனே சொல்லும் பெயர்கள் இரண்டு. ஒன்று பார்சலோனா; மற்றொன்று ரியல் மாட்ரிட். அவ்விரு குழுக்களின் சட்டைகளை அணிந்து மாலையில் திடலில் ஓடியாடும் சிறுவர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆனால், இன்று நாம் பேசப் போவது அப்பெரிய குழுக்களைப் பற்றியன்று. அவற்றோடு ஏழு ஆண்டுகள் சரிசமமாக ஒரே பிரிவில் நின்று ஆடிய ஒரு சிறிய ஊரின் கழகத்தைப் பற்றியே பேசப் போகிறோம். அவ்வூரின் பெயர் எய்பார்.

ஸ்பெயினின் வடபகுதியில் பாஸ்க் மக்கள் வாழும் நாடு இருக்கிறது. அவர்களுக்கென்று தனிமொழி உண்டு. தனிப் பண்பாடும் உண்டு. அங்கே பில்பாவோ, சான் செபாஸ்தியான் என்னும் இரு நகரங்களுக்கு இடையே, மலைகள் நெருங்கி நிற்கும் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் எய்பார் அமைந்துள்ளது. மக்கள் தொகை ஏறத்தாழ 27,000 தான். சமநிலம் மிகக் குறைவு. ஆகவே தொழிற்சாலையும் வீடும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஏறி நிற்கின்றன. முதியவர்கள் ஏறி இறங்கச் சிரமப்படுவார்கள் என்று, தெருக்களிலேயே மின்தூக்கிகளையும் நகரும் படிக்கட்டுகளையும் அமைத்திருக்கிறார்கள் என்றால், அவ்வூரின் மேடு பள்ளத்தை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

இவ்வூர் மக்கள் எதைச் செய்து பிழைத்தார்கள்? இரும்பைக் காய்ச்சி அடித்துப் பிழைத்தார்கள். பல நூற்றாண்டுகளாக எய்பாரின் முதன்மைத் தொழில் துப்பாக்கி செய்வது. அதனால்தான் இன்றும் அவ்வூர்க் காற்பந்துக் குழுவினரை ஸ்பானிய மொழியில் 'ஆர்மேரோஸ்' என்று அழைக்கிறார்கள். துப்பாக்கி செய்வோர் என்பது அதன் பொருள்.

முதல் உலகப் போர் முடிந்ததும் துப்பாக்கிகளுக்கு இருந்த தேவை குறைந்தது. பட்டறைகளில் வேலை சுருங்கியது. அப்போது அவ்வூர்த் தொழிலாளர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடவில்லை. 1920ஆம் ஆண்டில் துப்பாக்கித் தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து 'ஆல்பா' என்னும் கூட்டுறவுத் தொழிற்சாலையைத் தொடங்கினர். முதலில் துப்பாக்கி செய்த அத்தொழிற்சாலை, பின்னர் தையல் இயந்திரம் செய்யத் தலைப்பட்டது. ஓர்பேயா என்னும் மற்றொரு பழைய துப்பாக்கி நிறுவனம் மிதிவண்டி செய்யத் தொடங்கியது. துப்பாக்கிக் குழலைத் துல்லியமாகச் செய்யத் தெரிந்த கைக்கு, மிதிவண்டிக்குக் குழாய் செய்வது கடினமா என்ன? கைத்தொழில் அறிவு மாறவில்லை; செய்யும் பொருள்தான் மாறியது.

இம்மக்கள் அரசியலிலும் துணிவுள்ளவர்களாக இருந்தார்கள். 1931ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், தலைநகர் மாட்ரிட் வாய் திறப்பதற்குப் பல மணி நேரம் முன்னதாகவே, விடியற்காலையில் குடியரசை அறிவித்த முதல் ஊர் எய்பார்தான். ஆனால் அந்தக் குடியரசு நீடிக்கவில்லை. 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. போர்முனை எய்பாரின் வாசலுக்கே வந்து, மாதக்கணக்கில் அங்கேயே நின்றது. 1937ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் விமானங்கள் குண்டு மாரி பொழிந்தன. உலகமே அறிந்த கெர்னிக்கா நகரின் மீது குண்டு வீசப்பட்டதும் அதே வாரத்தில்தான். எய்பாரின் பெரும்பகுதி இடிந்து எரிந்து போயிற்று.

1939இல் போர் முடிந்தது. ஊர் இடிபாடாகக் கிடந்தது. தோற்ற பக்கத்தில் நின்றவர்களுக்குச் சிறையும் பசியும் காத்திருந்தன. நேயர்களே, இந்த நிலையில் இருந்த மக்கள் 1940ஆம் ஆண்டு செய்த காரியம் ஒன்று நம்மை வியக்க வைக்கிறது. ஊரில் முன்பிருந்த சிறு குழுக்களை ஒன்றாக இணைத்து, ஒரு காற்பந்துக் கழகத்தைத் தொடங்கினார்கள். வீடு கட்ட வேண்டிய நேரத்தில் விளையாட்டா என்று நாம் கேட்கலாம். வீட்டைக் கல்லாலும் மண்ணாலும் எழுப்பிவிடலாம். ஊரை எழுப்புவதற்கு மக்கள் ஓரிடத்தில் கூட வேண்டும் அல்லவா? அப்படிக் கூடும் இடமாக அந்தக் கழகம் அமைந்தது.

1947இல் 'இப்புருவா' என்னும் விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. மலைச்சரிவில் அமைந்த மிகச் சிறிய அரங்கம் அது. பக்கத்து அடுக்குமாடி வீடுகளின் மாடங்களில் நின்றபடியே மக்கள் ஆட்டத்தைப் பார்த்துவிடலாம். 1953இல் கழகம் நாட்டின் இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. சில ஆண்டுகளில் கீழே இறங்கியது. மறுபடியும் 1988இல்தான் இரண்டாம் பிரிவுக்குத் திரும்ப முடிந்தது. அன்று தொடங்கி 2006 வரை 18 ஆண்டுகள் அங்கேயே தாக்குப் பிடித்து நின்றது.

எப்படி நின்றது? விலை உயர்ந்த ஆட்டக்காரர்களை வாங்க அதனிடம் பணம் இல்லை. பெரிய கழகங்களில் இடம் கிடைக்காத இளைஞர்களை ஓராண்டுக்கு இரவலாகப் பெற்று ஆடியது. அப்படி வந்தவர்களுள் இருவர் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றனர். ஒருவர் ஷாபி அலோன்சோ. மற்றொருவர் டேவிட் சில்வா. 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தை வென்ற ஸ்பெயின் குழுவில் இவர்கள் இருவரும் இடம்பெற்றிருந்தனர். அவர்கள் பதின்ம வயதில், சேறும் சகதியுமான மழைக்காலத்தில், இப்புருவா திடலில் பாடம் கற்றவர்கள்.

கழகத்தின் மற்றொரு பழக்கத்தையும் நாம் இங்கே குறிப்பிட வேண்டும். வரவுக்கு மேல் செலவு செய்வதில்லை. கடன் வாங்கி ஆட்டக்காரர்களைச் சேர்ப்பதில்லை. 'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதைத்தான் அவர்களும் கடைப்பிடித்தனர். 2009இல் மூன்றாம் பிரிவுக்கு இறங்க நேர்ந்தபோதும் இக்கொள்கையை அவர்கள் கைவிடவில்லை. 2013இல் மீண்டும் இரண்டாம் பிரிவுக்கு ஏறினார்கள். அடுத்த ஆண்டே, காய்ஸ்கா கரித்தானோ என்னும் பயிற்றுநரின் கீழ், நாட்டின் மிகக் குறைந்த வரவுசெலவுத் திட்டங்களுள் ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டாம் பிரிவின் வெற்றியாளர் பட்டத்தையே பெற்றுவிட்டார்கள். 2014ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், அலவேஸ் குழுவை ஒன்றுக்குச் சுழியம் என்ற கோல் கணக்கில் வென்றபோது, வரலாற்றில் முதன்முறையாக முதல் பிரிவுக்குச் செல்லும் தகுதி எய்பாருக்குக் கிடைத்தது.

ஊரே கொண்டாடியது. ஆனால் அக்கொண்டாட்டத்தின் நடுவே ஒரு சிக்கல் தலைகாட்டியது.

ஸ்பெயினில் கழகங்கள் பலவும் கடனில் மூழ்கிக் கிடந்தன. அவற்றைத் திருத்துவதற்காக 1990ஆம் ஆண்டில் ஒரு விளையாட்டுச் சட்டம் வந்தது. அதன்படி தொழில்முறைக் கழகங்கள் பங்கு நிறுவனங்களாக மாற வேண்டும். குறிப்பிட்ட அளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும். அந்த அளவை எப்படிக் கணக்கிட்டார்கள்? அந்தக் கழகம் செய்யும் செலவைக் கொண்டல்ல. அதே பிரிவில் ஆடும் மற்றக் கழகங்களின் சராசரிச் செலவில் நூற்றுக்கு 25 பங்கு என்ற கணக்கு. அதாவது, அடுத்த வீட்டுக்காரர் தாறுமாறாகச் செலவழித்தால், சிக்கனமாகக் குடும்பம் நடத்துபவர் அதற்கேற்பப் பெட்டியில் பணம் காட்ட வேண்டும்! கடனே இல்லாத எய்பார், கூடுதலாக 17,24,272 யூரோ திரட்ட வேண்டும் என்று ஆயிற்று. அன்றைய மதிப்பில் அது 70 இலட்சம் ரிங்கிட்டுக்கும் மேல். கெடு ஆகஸ்ட் 6. தவறினால் முதல் பிரிவும் இல்லை, இரண்டாம் பிரிவும் இல்லை. மூன்றாம் பிரிவுக்கே தள்ளிவிடுவார்கள்.

பணக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கழகத்தை விற்றிருந்தால் சிக்கல் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். ஆனால் பின்னர் அது எய்பார் மக்களின் கழகமாக இருந்திருக்குமா? அவர்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பங்கின் விலை 50 யூரோ என்று வைத்தார்கள். அது அன்று இருநூறு ரிங்கிட்டுக்குச் சற்று மேல். ஒருவர் அதிகமாக வாங்கக்கூடிய பங்குக்கும் ஒரு இலட்சம் யூரோ என வரம்பு கட்டினார்கள். பெரிய கை ஒன்று வந்து கழகத்தையே அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதே அதன் நோக்கம். பிறகு 'எய்பாரைக் காப்பீர்' என்று உலகத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள்.

ஊரார் வாங்கினர், கடைக்காரர்கள் வாங்கினர். ஷாபி அலோன்சோவும் டேவிட் சில்வாவும் பழைய நன்றியை மறவாமல் துணை நின்றனர். ஊர்ப் பெயரையே அதுவரை கேட்டறியாத வெளிநாட்டினரும் பங்கு வாங்கினர். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பணம் வந்தது. சிறுதுளி பெருவெள்ளம் என்பது போல, கெடுவுக்குப் பல நாட்கள் முன்னதாகவே, ஜூலை மாதத்திலேயே, தேவையான தொகை சேர்ந்துவிட்டது. ஊர் கூடித் தேர் இழுத்தால் நகராமல் போகுமா?

2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள், எய்பார் தனது முதல் 'லா லிகா' ஆட்டத்தை ஆடியது. எதிர்த்து ஆடியவர்கள் அண்டை நகரமான சான் செபாஸ்தியானின் ரியல் சொசியேதாத் குழுவினர். ஹாவி லாரா என்பவர் அடித்த ஒரே கோலில் எய்பார் வென்றது. பார்சலோனாவின் கம்ப் நோவ் அரங்கத்தில் அன்று ஏறத்தாழ 99,000 பேர் அமரலாம். எய்பாரின் மக்கள் அனைவரும், தொட்டில் குழந்தை உட்பட, அங்கே போய் உட்கார்ந்தாலும் மூன்றில் இரண்டு பங்கு இருக்கைகள் காலியாகவே இருக்கும். அத்தகைய ஊர் அத்தகைய அரங்கத்தில் ஆடப் போயிற்று.

அந்த முதல் ஆண்டின் பிற்பாதியில் குழு தடுமாறியது. 35 புள்ளிகளோடு 18ஆம் இடத்தில் முடிந்தது. அது கீழே இறக்கப்படும் இடம். ஆனால் அவ்வாண்டு எல்ச்சே என்னும் கழகம், கட்ட வேண்டிய தொகைகளைக் கட்டத் தவறியதற்காக இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. அதனால் எய்பார் முதல் பிரிவிலேயே தங்கியது. முந்திய ஆண்டு கணக்கு வழக்கால் கலங்கி நின்ற கழகத்தை, அடுத்த ஆண்டு நேர்மையான கணக்கு வழக்கே காப்பாற்றியது!

அதன்பின் ஹோசே லூயிஸ் மெந்திலிபார் பயிற்றுநராக வந்தார். 2016இல் அமாயா கொரோஸ்டிசா என்னும் பெண்மணி கழகத்தின் தலைவரானார். 2018இல் குழு ஒன்பதாம் இடம் வரை உயர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணத்தை வென்றிருந்த ரியல் மாட்ரிட் குழுவை, இப்புருவா திடலில் மூன்றுக்குச் சுழியம் என வீழ்த்தியது. 2020இல் கழகத்தின் மகளிர் குழுவும் நாட்டின் முதல் பிரிவுக்கு ஏறியது.

எதற்கும் ஒரு முடிவு உண்டு. 2021ஆம் ஆண்டு ஆடவர் குழு கடைசி இடத்தைப் பெற்று முதல் பிரிவிலிருந்து இறங்கியது. பெருந்தொற்றின் காரணமாக அரங்கம் பூட்டிக் கிடந்த ஆண்டு அது. தங்கள் குழுவைத் தேற்றுவதற்குக்கூட மக்கள் உள்ளே போக முடியவில்லை. அடுத்து 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகளும் மேலே ஏறுவதற்கான தேர்வு ஆட்டங்கள் வரை வந்து, மூன்று முறையும் வாய்ப்பை இழந்தது. 2022இல் கடைசி நாள் ஆட்டத்தில் வென்றிருந்தாலே நேரடியாக ஏறியிருக்கலாம். ஏற்கனவே கீழே இறங்குவது உறுதியாகிவிட்ட அல்கோர்கோன் குழுவிடம் ஒரே கோலில் தோற்று, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிற்று.

அப்படியானால் எய்பார் தோற்றுவிட்டதா? நேயர்களே, இதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தகுதிக்கு மீறிக் கடன் வாங்கி உச்சிக்குப் போன கழகங்கள் பல, இறங்கும்போது எழ முடியாமல் போயின. சில கழகங்கள் பெயரே இல்லாமல் மறைந்தும் போயின. எய்பார் இறங்கியபோது அதன் கதவு பூட்டப்படவில்லை. கடன்காரன் வாசலில் வந்து நிற்கவில்லை. கழகம் ஊர் மக்களின் கையிலேயே இருந்தது. அடுத்த ஆண்டும் அதே மலைச்சரிவில், அதே மாடங்களின் கீழே பந்து உருண்டது.

நம் பிள்ளைகள் பெரிய குழுக்களின் சட்டைகளை அணியட்டும், அதில் தவறில்லை. ஆனால் ஒரு மாலை, அவர்களை அருகில் அமர்த்தி இந்தச் சிறிய ஊரின் கதையையும் சொல்லுங்கள். இடிந்த ஊரை எழுப்பியவர்களும், பிழைத்த தொழில் நொடித்தபோது புதுத்தொழில் கற்றவர்களும், கெடு நெருங்கியபோது கழகத்தை விற்காமல் பங்கு பங்காகச் சேர்த்தவர்களும் கூலிக்கு உழைத்த எளிய மக்களே என்பதை அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.