ஜொகூர் பாரு நகர மையத்தில் வாடகை வீடு: நடை தூரமும் முத்திரையிட்ட ஒப்பந்தமும்

ஜொகூர் பாரு 1994 ஜனவரி 1-ஆம் தேதி மாநகரத் தகுதி பெற்றது. ஸ்கூடாய், தெப்ராவ் என அது எவ்வளவு விரிந்தாலும், கார் இல்லாமல் குடியிருக்கக்கூடிய பகுதி சிறியதுதான். ஜாலான் வோங் ஆ ஃபூக், ஜாலான் டிரஸ், ராஜமாரியம்மன் ஆலயம் இருக்கும் ஜாலான் உங்கு புவான், சிட்டி ஸ்குவேர் பேரங்காடி, ஜேபி சென்ட்ரல் நிலையம், சுல்தான் இஸ்கண்டார் குடிநுழைவு வளாகம் எல்லாம் அந்தப் பழைய நகரைச் சுற்றியே உள்ளன. சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் இங்கு வாடகை கொடுப்பது பெரும்பாலும் இந்த நடை தூரத்துக்காகத்தான்.

குடிநுழைவு வளாகத்துக்கு 'ஐந்து நிமிடம்' என்று விளம்பரத்தில் இருந்தால் அது காரிலா, நடந்தா என்று கேட்க வேண்டும். பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை வெயிலுக்கும் மழைக்கும் உதவும். அகலமான சாலைகளைக் கடக்கும் இடங்களில் அந்தச் சுகம் கிடையாது. தஞ்சோங் புத்ரியில் உள்ள பிரின்சஸ் கோவ் குடியிருப்பு போன்ற சில இடங்களுக்கு மட்டுமே வளாகம் வரை பாதசாரிப் பாலம் உண்டு. வேலைக்குக் கிளம்பும் அதே விடியற்காலை நேரத்தில் ஒருமுறை நடந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் செல்லும் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதியை ஒட்டித் தொடங்குவது இலக்கு. இந்த வட்டாரத்தில் வீடு தேடுவோர் அதையும் கணக்கில் வைக்கிறார்கள்.

அடுத்தது பணம். வழக்கமாகக் கேட்கப்படுவது இரண்டு மாத முன்வைப்புத் தொகை, மின்சாரம், தண்ணீருக்கு அரை மாத வைப்புத் தொகை, முதல் மாத வாடகை. 1,500 ரிங்கிட் வாடகை வீடு என்றால் சாவி கைக்கு வருமுன் 5,250 ரிங்கிட் தேவை. வீட்டைப் பார்க்காமல் முன்பதிவுப் பணம் அனுப்புவது ஆபத்து. பதிவு பெற்ற முகவரிடம் அடையாள அட்டையும் அதில் கியூஆர் குறியீடும் இருக்கும். பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போக வேண்டும், தனி நபர் கணக்குக்கு அல்ல.

'இந்தியர் வேண்டாம்' என்ற வரியை வாடகை விளம்பரங்களில் பார்த்துக் கசந்தவர்கள் நம்மில் பலர். தனியார் வீட்டு உரிமையாளர் இப்படி மறுப்பதைத் தடுக்கும் தனிச் சட்டம் மலேசியாவில் இல்லை. குடியிருப்பு வாடகைச் சட்டம் நெடுநாளாகப் பேசப்படுகிறது, இன்னும் நடப்புக்கு வரவில்லை. அலைச்சலையும் அவமானத்தையும் குறைக்க, வீடு பார்க்கப் போகுமுன் தொலைபேசியிலேயே முகவரிடம் நேராகக் கேட்டுவிடுவதுதான் பலர் கையாளும் வழி. அந்தச் சுமை வாடகைக்கு வருபவர் தலையில் விழுவது நியாயமல்ல.

சட்டம் இப்படி இருப்பதால் வாடகைதாரருக்குப் பெரிய பிடிமானம் ஒப்பந்தம்தான். கையெழுத்தான 30 நாளுக்குள் அதற்கு முத்திரை வரி கட்ட வேண்டும். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு வரி விலக்கு இருந்தது. அது 2025 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டது. ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகையின் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட், ஓராண்டைத் தாண்டி மூன்றாண்டு வரை 3 ரிங்கிட். மேலே சொன்ன வீட்டுக்கு ஓராண்டு என்றால் 72 ரிங்கிட், இரண்டாண்டு என்றால் 216 ரிங்கிட். வாய்ச்சொல்லை நம்பி இதை மிச்சப்படுத்துவோர் பின்னர் இழப்பது பல மடங்கு.

ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்புச் செலவு யாருடையது, குளிர்சாதனக் கருவியைக் கழுவுவது யார், இடையில் வெளியேறினால் என்ன ஆகும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை பாக்கி இருந்தாலும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற உரிமையாளருக்கு அதிகாரமில்லை. 1950-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 7-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது.

சாவி வாங்கும் நாளிலேயே சுவர்க் கறை, கதவு, குழாய், மின் அளவி எண் எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவைக்கலாம். வெளியேறும்போது வைப்புத் தொகை திரும்பவில்லை என்றால், 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்க முடியும். மேற்படி கணக்கில் திரும்ப வேண்டிய 3,750 ரிங்கிட் அந்த வரம்புக்குள் அடங்கும்.