கூரையின் நடுவிலிருந்து விடுபட்ட விளக்கு

நகைக்கடைகளிலும் ஓவியக் கூடங்களிலும் அண்ணாந்து பார்க்கையில், கூரையோடு ஒட்டிய ஒரு நீண்ட சட்டத்தில் வரிசையாகத் தலை சாய்த்து நிற்கும் சிறு விளக்குகளை நாம் கண்டிருக்கிறோம். ட்ராக் லைட் என்பது அவற்றின் பெயர். அமெரிக்காவில் அது கடையிலிருந்து வீட்டுக்குள் வந்தது. வீட்டுக்காரர் ஏணி போட்டுத் தம் கையாலேயே பொருத்திக்கொள்ளும் பொருளுமாயிற்று. அற்பமான சங்கதி போலத் தோன்றும் இதன் பின்னே, ஓர் அறைக்குள் வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற பழைய கேள்வி ஒன்று இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வசதி படைத்த அமெரிக்க நகர வீடுகள் எரிவாயு விளக்குகளால் ஒளி பெற்றன. சுவருக்குள் ஏறிய குழாய் கூரையின் நடுவே வந்து முடியும். அது முடிந்த இடமே விளக்கின் இடம். மின்சாரம் வந்தபோது இந்த இடமும் மாறியிருக்கலாம். தீச்சுடர் மேல்நோக்கியே எரியும். மின்விளக்கையோ எந்தத் திசையிலும் திருப்பலாம். ஆயினும் மின்சாரம் எரிவாயுவின் இருக்கையிலேயே அமர்ந்துகொண்டது. பழைய வாயு விளக்குகளுக்குள்ளேயே ஒயர் இழுத்தார்கள். பயனற்றுப்போன குழாயின் முனையிலேயே மின்பெட்டியைப் பொருத்தினார்கள். பழைய வீடுகளில் கூரையைத் திறப்பவர்கள் இன்றும் அக்குழாய்களைக் காண்கிறார்கள்.

அந்த இடத்தை மீற முயன்ற முதல் முயற்சிகளில் ஒன்று தீயில் முடிந்தது. 1882-ல் நியூயார்க்கின் மாடிசன் அவென்யூவில் செல்வந்தர் ஜே.பி. மார்கனின் வீட்டுக்கு எடிசனின் ஆட்கள் மின்விளக்கு அமைத்தனர். வாயு விளக்குகள் இருந்த இடங்களில் பல்புகள் வந்தன. நூலக அறையின் மேசைக்கும் ஒரு விளக்கு வேண்டும் என்று விரும்பியதால், தரைவிரிப்பின் அடியாக அதற்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அங்கே தீப்பற்றி மேசையும் விரிப்பும் கருகின. வேண்டிய இடத்தில் வெளிச்சம் என்ற ஆசை இயல்பானதுதான். அதை நிறைவேற்றும் பாதுகாப்பான வழிதான் அன்று இல்லை.

இத்தகைய தீ அச்சத்திலிருந்தே விதிகள் பிறந்தன. சிகாகோவில் வில்லியம் ஹென்றி மெரில் 1894-ல் தொடங்கிய சோதனைக்கூடம் பின்னர் அண்டர்ரைட்டர்ஸ் லேபாரட்டரீஸ் எனப் புகழ்பெற்றது. 1897-ல் தேசிய மின் விதித்தொகுப்பு வெளிவந்தது. இவற்றின் பின்னணியில் நின்றவை தீக்காப்பீட்டு நிறுவனங்கள் என்பது கவனத்துக்குரியது. விதிகள் உயிர்களைக் காத்தன. அதே வேளையில், மின்சாரம் வீட்டுக்காரர் தொடக்கூடாத ஒன்று என்ற எண்ணமும் வேரூன்றியது.

விளக்கைத் திசைப்படுத்தும் கலை வளர்ந்தது வேறிடங்களில். நாடக மேடை அதை நன்கறிந்திருந்தது. 1940 முதல் அமெரிக்கக் கார்களில் வந்த, கண்ணாடிக்குள் பிரதிபலிப்பானையும் சேர்த்து மூடிய முகப்பு விளக்கின் தொழில்நுட்பம் கட்டடங்களுக்குரிய பார் வகை பல்புகளிலும் அமைந்தது. ரிச்சர்ட் கெல்லி என்னும் ஒளி வடிவமைப்பாளர் 1950களில் ஒளியை மூன்றாகப் பகுத்தார்: எங்கும் பரவும் ஒளி, ஒன்றின்மேல் குவியும் ஒளி, கண்ணுக்கு விருந்தாக மினுங்கும் ஒளி. கூரையின் நடுவில் தொங்கும் ஒற்றை விளக்கு முதலாவதை ஓரளவு தரும். இரண்டாவது அதனால் ஆகாது.

1961-ல் லைட்டோலியர் நிறுவனம் லைட்ஸ்பான் என்ற ட்ராக்கை அறிமுகப்படுத்தியது. இந்நிறுவனம் 1904-ல் நியூயார்க் எரிவாயுச் சாதன நிறுவனம் என்ற பெயரில் தொடங்கியது என்பதில் ஒரு நயமான முரண் உண்டு. குழாயால் வாழ்ந்தவர்களே விளக்கைக் குழாயின் இடத்திலிருந்து விடுவித்தார்கள். அமைப்பு எளிமையானது. ஓர் உலோகச் சட்டம். அதன் உள்ளே நெடுக ஓடும், காப்பிடப்பட்ட செப்புக் கம்பிகள். விளக்கின் தலையைச் சட்டத்தில் நுழைத்துத் திருப்பினால் மின்தொடர்பு கிடைக்கும். கூரையில் ஏற்கெனவே உள்ள ஒரே பெட்டியிலிருந்து மின்சாரம் எடுத்து, அறையின் நீளமெங்கும் வேண்டிய இடத்தில் விளக்கை நிறுத்தலாம். ஒயர் வேலை ஒருமுறைதான். வெளிச்சத்தை நகர்த்துவது எப்போது வேண்டுமானாலும்.

இந்தப் பிரிவினைதான் ட்ராக்கை வீட்டுக்காரரின் கைக்குக் கொண்டுவந்தது. நியூயார்க்கின் சோஹோ பகுதியில் ஆலைகள் வெளியேறிய மாடிகளில் ஓவியர்கள் குடியேறினர். 1971-ல் நகரம் அதைச் சட்டபூர்வமாக்கியது. உயர்ந்த வெற்றுக் கூரைகளும், படம் மாட்டும் சுவர்களும் கொண்ட அந்த வாழ்விடங்களுக்கு ட்ராக் இயல்பாகப் பொருந்தியது. 1978-ல் ஜோன் கிரானும் சூசன் ஸ்லெசினும் எழுதிய 'ஹை-டெக்' என்ற நூல், தொழிற்சாலைப் பொருட்களை வீட்டில் பயன்படுத்தும் ரசனையைப் பரவலாக்கியது. மறு ஆண்டே அட்லாண்டாவில் ஹோம் டிப்போ தன் முதல் கடைகளைத் திறந்தது. ரசனையும் கருவியும் ஒரே காலத்தில் நடுத்தர வர்க்கத்தை வந்தடைந்தன.

செய்முறை நீளமானதன்று. பிரேக்கரை அணைத்து, மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் உறுதிசெய்ய வேண்டும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பழைய விளக்கைக் கழற்றி, அமெரிக்க வழக்கப்படி கறுப்பைக் கறுப்போடும், வெள்ளையை வெள்ளையோடும், எர்த் கம்பியை எர்த்தோடும் இணைக்க வேண்டும். சட்டத்தைக் கூரையின் மரச்சட்டங்களில் திருகுவது நல்லது. மரம் இல்லாத இடத்தில் உள்ளே விரிந்து பிடித்துக்கொள்ளும் போல்ட் வேண்டும். விதித்தொகுப்பு சில இடங்களை விலக்குகிறது: ஈரமான இடத்தில் ட்ராக் கூடாது, அதைச் சுவரைத் துளைத்துக் கொண்டுசெல்லக் கூடாது. ஓவியத்துக்கு ஒளி தருவதாயின், செங்குத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை சாய்வு, கண்ணாடிக் கூச்சத்தைத் தவிர்க்கும் என்பர்.

ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கும் வேலி இருந்தது. ஹேலோ, ஜூனோ, லைட்டோலியர் ஆகிய மூன்று நிறுவனங்களின் அமைப்புகள் முதலெழுத்துகளால் எச், ஜே, எல் என வழங்கலாயின. ஒன்றின் தலை இன்னொன்றின் சட்டத்தில் பொருந்தாது. குழாயிலிருந்து விடுபட்ட வீட்டுக்காரர் ஒரு முத்திரைக்குக் கட்டுப்பட்டார்.

அனுமதியும் எங்கும் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்காவின் பல ஊர்களில் சொந்த வீட்டின் மின்வேலையை உரிமையாளரே, தேவையான இடத்தில் அனுமதிச்சீட்டு பெற்று, செய்யலாம். ஆஸ்திரேலியாவில் உரிமம் இல்லாதவர் நிலையான ஒயர்களைத் தொடுவது குற்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஜனவரி முதல் வீட்டு மின்வேலைகள் கட்டட விதிகளுக்குள் வந்தன. இவ்விதிகளை வெறும் அதிகாரத் தோரணை என்று ஒதுக்க நம்மால் இயலவில்லை. கருகிய மேசை நினைவிலிருக்கிறது. ஆயினும் ஒயரைத் தொடுவது ஒன்று, ஒளியைத் திருப்புவது வேறு. முதலாவதை விதி காக்கட்டும். இரண்டாவது அந்த அறையில் வாழ்பவருக்கே உரியது.

அன்றைய 150 வாட் பல்புகள் வெப்பத்தையும் சேர்த்தே பொழிந்தன. இன்று அவ்விடத்தில் சில வாட்களே எடுக்கும் எல்.இ.டி. தலைகள் நிற்கின்றன. பல்பு மாறினாலும் சட்டம் அப்படியே இருக்கிறது. படிக்கும் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டவர், விளக்கையும் அதன் பின்னே ஒரு முழம் நகர்த்திக்கொள்கிறார். அதற்கு அவர் எவரையும் கேட்க வேண்டியதில்லை.