பிரம்புப் பின்னலுடன் அசையாப்பொருள் ஓவியம்

பாப்லோ பிக்காசோ 1912-இல் படைத்த சிறிய நீள்வட்டக் கியூபிச ஓவியம். பாரிஸ் நகரின் பிக்காசோ அருங்காட்சியகத்தில் உள்ளது. கொலாஜ் எனும் ஒட்டுப்பட முறையின் தொடக்கச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. இதில் தெரியும் நாற்காலிப் பின்னல் உண்மைப் பிரம்பும் அல்ல, பிக்காசோ தீட்டியதும் அல்ல. கடைகளில் மலிவாகக் கிடைத்த எண்ணெய்த்துணியில் ஆலை அச்சிட்ட வடிவம். கைத்திறனால் கண்ணை ஏய்ப்பது ஓவியரின் பழைய பெருமை. அந்த வேலையை இங்கே இயந்திரத்திடம் விட்டுவிட்டார், குறும்புக்காரர். துணியைச் சுற்றி அவர் தீட்டிய கோப்பையும் எலுமிச்சையும்தான் உடைந்த கோணங்களாய், அடையாளம் காணச் சிரமப்படுத்துகின்றன. நாளிதழ்த் தலைப்பின் துண்டெழுத்துகளும் உண்டு. சட்டத்துக்குப் பதில் நிஜக் கயிறு. வீட்டு வண்ணப்பூச்சுத் தொழில் பயின்ற சக கியூபிச ஓவியர் ஜார்ஜ் பிராக்கும் அதே ஆண்டில் மரக்கோடுகள் அச்சிட்ட சுவர்த்தாளை ஓவியத்தில் ஒட்டினார்.