ஓய்வுக்காலச் சேமிப்பில் எவ்வளவு இடர் ஏற்கலாம்? சித்தூர், திருப்பதி காட்டும் மூன்று நிலைகள்

ஓய்வுக்காலச் சேமிப்பில் எவ்வளவு தொகையைப் பங்குச் சந்தையில் வைக்கலாம் என்ற கேள்விக்கு வயதைக் கொண்டே விடை கூறுவது வழக்கம். நூறிலிருந்து வயதைக் கழித்து, மீதியைப் பங்குகளுக்கு ஒதுக்கும் கணக்கு பலருக்கும் தெரிந்ததே. 2022 ஏப்ரல் வரை ஒரே மாவட்டமாக இருந்த சித்தூரிலும் திருப்பதியிலும் 45 வயதுடைய மூவரை எடுத்துக்கொண்டால் அந்தக் கணக்கு தடுமாறுகிறது. பணி முடிந்த பின் மாதந்தோறும் உறுதியாகக் கைக்கு வரும் தொகை எவ்வளவு என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஆந்திர அரசுப் பணியில் 2004 செப்டம்பர் 1-க்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு. அகவிலை நிவாரணமும் சேர்வதால், இவர்களது தனிச் சேமிப்பு சந்தையில் சரிந்தாலும் அன்றாடச் செலவு பாதிக்கப்படாது. அதன் பின் சேர்ந்த ஆசிரியர் பங்களிப்பு ஓய்வூதியத்தின்கீழ் வருகிறார். அரசு ஏற்றிருந்த இடர் அவர் தோளுக்கு மாறியது. அரசு ஊழியருக்கான இயல்புநிலைத் திட்டத்தில் பங்குகளின் அளவு நெடுங்காலம் 15 சதவீதத்திற்குள் வைக்கப்பட்டிருந்தது. கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதியை உறுதிசெய்யும் சட்டத்தை மாநிலச் சட்டப்பேரவை 2023-இல் நிறைவேற்றியும், ஊழியர் சங்கங்கள் பழைய திட்டத்தையே கோரின.

சத்தியவேடு அருகேயுள்ள ஸ்ரீசிட்டியின் ஆலைத் தொழிலாளியின் நிலை வேறு. அவரது வருங்கால வைப்பு நிதிக்கு 2024-25-இல் 8.25 சதவீத வட்டி அறிவிக்கப்பட்டது. அந்நிதியின் புதிய வரவில் 15 சதவீதம் வரை பங்குச் சந்தை சார்ந்த நிதிகளுக்குச் செல்கிறது. எனினும் வட்டியாக அறிவிக்கப்படுவதால் ஏற்ற இறக்கம் உறுப்பினர் கண்ணில் படுவதில்லை. ஓய்வூதியம்தான் சிக்கல். ஊதிய வரம்பான 15,000 ரூபாயில் முழுமையாக 30 ஆண்டுகள் பணியாற்றி, 2 ஆண்டு போனஸும் சேர்ந்தால் கிடைப்பது மாதம் 6,857 ரூபாய். இதற்கு அகவிலை நிவாரணம் இல்லை. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் உயர்ந்தால் 12 ஆண்டுகளில் அதன் வாங்கும் திறன் பாதியாகிவிடும். எனவே வைப்பு நிதிக்கு மேல் சேமிப்பதில் ஓரளவு வளர்ச்சி தேடியே ஆக வேண்டியவர் இவர்தான்.

தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் நடுத்தர வயதுசார் தெரிவு இத்தகையோருக்கு ஏற்றது. அதில் 35 வயது வரை 50 சதவீதமாக இருக்கும் பங்குகள், பின்னர் ஆண்டுக்கு 2 சதவீதம் குறைந்து 55 வயதில் 10 சதவீதமாகின்றன. அரசு சாரா உறுப்பினர்களுக்கு முழுத் தொகையையும் பங்குகளில் வைக்கும் வாய்ப்பு 2025 அக்டோபர் முதல் வந்துள்ளது. வாய்ப்பு இருக்கிறது என்பதாலேயே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

மூன்றாமவர் சித்தூர் மா விவசாயி. 2025-இல் தோத்தாபுரி விலை சரிந்தபோது, ஆலைகள் தரும் 8 ரூபாயுடன் கிலோவுக்கு 4 ரூபாயை அரசு சேர்த்து வழங்க வேண்டியிருந்தது. இவரது வருவாயே சந்தையின் கையில் இருப்பதால், சேமிப்பிலும் அதே இடரைச் சேர்ப்பது சரியாகாது. 40 வயதுக்குள் சேர்ந்திருந்தால் அடல் ஓய்வூதியத் திட்டம் 60 வயது முதல் அதிகபட்சம் 5,000 ரூபாயை உறுதிசெய்யும். மற்றபடி அஞ்சலகமும் வங்கி வைப்புமே இவருக்கு அடித்தளம்.

பங்குச் சந்தைக்கு அஞ்சி, அதைவிடப் பெரிய இடரில் விழுந்தவர்களும் உண்டு. அக்ரிகோல்டு நிறுவனத்தில் ஆந்திரம் உள்ளிட்ட மாநிலங்களின் லட்சக்கணக்கானோர் பணம் செலுத்தித் திரும்பப் பெற முடியாமல் தவித்தனர். 20,000 ரூபாய் வரை செலுத்தியவர்களுக்கு மாநில அரசே 2019, 2021 ஆண்டுகளில் பணம் வழங்கியது. பெருந்தொகை செலுத்தியவர்கள் நீதிமன்றத்தை நம்பிக் காத்திருந்தனர்.

இன்னொன்று, காலம். 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அதே அக்டோபரில் 8,000-க்கும் கீழே இறங்கியது. மீண்டும் 21,000-ஐ எட்ட 2010 நவம்பர் ஆயிற்று. அந்த இடைவெளியில் ஓய்வுபெற்று, மாதச் செலவுக்காகப் பங்குகளை விற்றவருக்கு அந்த மீட்சியின் பலன் முழுமையாகக் கிட்டியிராது. இதனால்தான் ஓய்வுக்குப் பிந்தைய முதல் ஐந்து ஆண்டுச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே பங்குகளிலிருந்து விலக்கி, வைப்புகளுக்கும், 60 வயதான பின் 30 லட்சம் ரூபாய் வரை ஏற்கும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திற்கும் மாற்றுகின்றனர்.